மாத்திரைக் கவரில் ஒரு கோடு

டாக்டர் மங்களம் மருந்துச் சீட்டை முழு வாக்கியமாக எழுதுகிறவர். மற்ற டாக்டர்களைப் போல ஒன்று, சைபர், ஒன்று என்று போட்டு முடித்துவிட மாட்டார். ஒவ்வொரு வரியும் 'டேக்' என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்கும். திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் பின்னால், மேலே டியூஷன் சென்டரும் கீழே மூன்று அறையுமாக இருக்கும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு இருநூறு 'டேக்'காவது காகிதத்தில் விழும். அத்தனையையும் வருகிறவர்களுக்குப் புரிகிற பேச்சாக மாற்றுவது ரோஷன் பேகத்தின் வேலை.

அந்த வேலைக்குச் சரியான பெயர் கிடையாது. வருகைப் பதிவேட்டில் 'உதவியாளர்' என்று இருக்கும். வருகிறவர்கள் 'மருந்து சொல்ற அக்கா' என்பார்கள். நாற்பத்தேழு வயது. ஒல்லியான உடம்பு. கறுப்பு புர்காவின் மேல் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. மருந்து கொடுக்கும் ஜன்னலை ஒட்டி அவருக்கு ஒரு மேசை. உள்ளேயிருந்து அசோக் மாத்திரைகளைக் கவரில் போட்டு நகர்த்துவான். அக்கா கவரின் மேல் முத்திரை குத்தி, எதிரில் நிற்பவரின் மொழியில் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லவைத்து, பிறகுதான் கவரைக் கையில் கொடுப்பார்.

ஐந்து வருடம் வெளிநாடுகளில் சுற்றிவிட்டுப் போன புரட்டாசியில் நான் திரும்பி வந்தேன். அப்பா அம்மா இருக்கும் ஃபிளாட்டில் ஒரு வாரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. பழைய நோயாளிப் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் தேவை என்று ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டியிருந்தார்கள். மூன்று மாத வேலை. ரோஷன் அக்காவுக்குப் பக்கத்து மேசை எனக்கு வந்தது.

அக்கா பிறந்தது பூந்தமல்லியில். அத்தா கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்தவர். தம்பி ஃபாரூக் இப்போதும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்பு செய்யும் கடை வைத்திருக்கிறார். பத்தாவதோடு படிப்பு நின்றது. வீட்டில் பேசியது தமிழ், ஓதியது அரபு, பக்கத்து வீட்டு உருது தானாகக் காதில் விழுந்தது. கல்யாணமாகி அம்பத்தூருக்கு வந்தார். கணவர் அமீர் ஏசி மெக்கானிக். வேலை இருக்கும் மாதங்களில் வீட்டில் இருக்க மாட்டார், இல்லாத மாதங்களில் வாய் திறக்க மாட்டார். எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனி தன் பெண்கள் ஹாஸ்டலுக்கு வார்டன் தேடியபோது அக்கா போய்ச் சேர்ந்தார்.

முதல் மாதமே ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. ஒடிசாவிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அக்கா தனக்குத் தெரிந்த உருதில் 'லோ' என்று சொல்லி மாத்திரையைக் கையில் வைத்தார். பெண் வாங்கிக்கொண்டாள். காலையில் ஒரு 'லோ', மாலையில் ஒரு 'லோ'. மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. பாயை உதறியபோது தலையணைக்கு அடியில் ஆறு மாத்திரையும் வரிசையாக இருந்தன. எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஹாஸ்டலே விழுந்து விழுந்து சிரித்ததாம். அக்கா அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

"நூத்தி நாலு டிகிரி கண்ணு. அவ மேல கைய வெச்சா தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது. நான் மூணு நாளா மருந்து குடுத்துட்டேன்னு நெனச்சுக்கினு நல்லா சாப்ட்டுக்கினு தூங்கிக்கினு இருந்திருக்கேன். ஒரே ஒரு வார்த்த. அதுல ஒரு ஆளே போயிருக்கும்."

அந்த பயம்தான் அவருக்கு மொழிகளைக் கற்றுக்கொடுத்தது. பதினோரு வருடம் அந்தப் பெண்களிடமே கேட்டுக் கேட்டு ஒடியா, வங்காளம், இந்தி, கொஞ்சம் தெலுங்கு என்று பேச வந்துவிட்டது. எழுதப் படிக்க வராது. கம்பெனி மூடியது. ஹாஸ்டல் பெண்களுக்கு வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் மங்களம் அவரைத் தன்னிடம் அழைத்துக்கொண்டார்.

மத்தியானம் கூட்டம் வடிந்த பிறகு நாங்கள் மூன்று பேரும் அந்த ஒரு சொல்லைத்தான் பேசிக்கொண்டிருப்போம். ஆரம்பிப்பது பெரும்பாலும் அசோக்.

"அக்கா, இந்தச் சீட்டுல 'டேக் ரெஸ்ட்'டுன்னு போட்டுகீறாங்கோ. ரெஸ்ட்ட எந்த கவர்ல போட்டு குடுக்கறது?"

"உன் கவர்ல போட்டுக்கோ. நீதான் காலைலேர்ந்து அத எடுத்துக்கினு கீற."

ஒடியாக்காரர்கள் மருந்தை உண்பார்கள் என்று அக்கா சொல்வார். 'காயிபே' என்றால் போதும், வாய்க்குள் போய்விடும். வங்காளிகளும் உண்பார்கள், அவர்கள் தண்ணீரையும் உண்பார்கள், சிகரெட்டையும் உண்பார்கள். தெலுங்குக்காரர்கள் மாத்திரையைப் போட்டுக்கொள்வார்கள். நாம் மட்டும் என்ன, சாப்பிடுகிறோம், போடுகிறோம், முழுங்குகிறோம், ஆளுக்குத் தகுந்தபடி. ஜப்பானிலும் வியட்நாமிலும் மாத்திரையைக் குடிக்கிறார்கள் என்று நான் சொன்னேன். துருக்கியிலும் அப்படித்தான். ஜெர்மனியில் ஒரு முதியவர் வீட்டில் வேலை பார்த்தபோது அங்கே கையால் எடுப்பதோடு சரி, மீதியை மாத்திரையே பார்த்துக்கொள்ளும் போலிருந்தது.

"மாத்திரைய குடிக்கறானுங்களா?" அசோக் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். "அப்போ சரக்க இன்னா பண்ணுவானுங்கோ, கடிச்சு துன்னுவானுங்களா?"

அக்கா அதற்கும் சிரிக்கவில்லை. "அந்த ஊருக்கெல்லாம் வேலைக்குப் போற நம்ம புள்ளைங்களுக்கு யாரு சொல்றது, கண்ணு? உனக்கு ஜொரம் வந்தப்ப யாரு சொன்னா?"

யாரும் இல்லை என்றேன். ஹனோயில் ஒரு மருந்துக்கடைப் பெண் இரண்டு விரலைக் காட்டினாள். காலையில் இரண்டா, ஒரு நாளைக்கு இரண்டா, இரண்டு நாளைக்கா என்று தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்க அந்தப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்கா காதைப் பொத்திக்கொண்டார். "சொல்லாத."

முத்திரைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் 'டேக்' முன்னால் வந்து நிற்கும். நம் பக்கத்து மொழிகள் எல்லாவற்றிலும் அது கடைசியில்தான் வரும். அதனால் அக்கா ஒவ்வொரு மொழிக்கும் வாக்கியத்தின் வால் பகுதியை மட்டும் ஒரு வரியாக ஃபாரூக்கிடம் செய்துவாங்கி வைத்திருந்தார்: 'தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடவும்.' மாத்திரைக் கவர் உள்ளங்கை அளவுதான், இரண்டு வரி கொள்ளாது. அந்த வரிக்கு மேலே பேனாவால் சூரியனும் நிலாவும் வரைந்து எத்தனை மாத்திரை என்று கோடு போட்டுவிடுவார். நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேருக்குத் தினமும்தான் மருந்து.

மீதி இரண்டு பேர் மூட்டு வாத நோயாளிகள். அவர்களுக்கு வாரத்துக்கு ஒரே ஒரு மாத்திரை. சின்ன மஞ்சள் மாத்திரை. வாரம் ஒன்று என்றால் மூட்டு வீக்கம் வடியும். தினமும் ஒன்று என்றால் வாய் வெந்து, ரத்தம் ஊறுவது நின்று, ஆளையே கொன்றுவிடும். அப்படிப்பட்ட கவரில் அக்கா சிவப்புப் பேனாவால் 'தினமும்' என்ற சொல்லை அடித்துவிட்டுக் கிழமையைத் தமிழில் எழுதி வட்டம் போட்டு, வாயாலும் சொல்வார். ஒடியா எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. முதல் நான்கு எழுத்து 'தினமும்' என்பது மட்டும் தெரியும். நான்கையும் சேர்த்து ஒரே கோடு.

ஐப்பசி மழையில் காய்ச்சல் பரவியது. ஒரு சனிக்கிழமை டாக்டர் இலவச முகாம் வைத்தார். ஆவடியிலிருந்தும் பாடியிலிருந்தும் ஆட்கள் வந்து, வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. அன்றைக்கு யாரையும் திருப்பிச் சொல்லவைக்க நேரமில்லை. 'கவர்ல எழுதிகீது, பாத்துக்கோ' என்று ஐந்து மொழிகளில் சொல்லிச் சொல்லி அக்காவின் தொண்டை கட்டிவிட்டது.

அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஞானம்மாள் வந்தார். தெருக்கோடி வீடு, நான்கு வருடமாக அந்த மஞ்சள் மாத்திரை சாப்பிடுகிறவர்.

"ரோசன், எனக்கு வெள்ளிக்கெழமைய மாத்திக் குடு. வெள்ளிக்கெழம ஜெபத்துக்குப் போறேன், இத முழுங்கிட்டா வயித்தப் பொரட்டுது" என்று பழைய கவரை மேசையில் வைத்தார்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கவரைப் பார்த்தார். 'தினமும்' என்ற சொல்லின் மேல் சிவப்புக் கோடு. பார்த்துக்கொண்டே இருந்தார். ஞானம்மாள் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை.

"அசோக்கு. சனிக்கெழம என் சிவப்பு பேனா எங்க இருந்துச்சு?"

"என்கிட்டதான் கா. காலைல டோக்கன் நம்பர் போட வாங்கினேன்ல. சாய்ங்காலம் குடுத்தேனே. இன்னா, மை இல்லியா?"

"அன்னிக்கு ஒரு ஒடியா பொண்ணு வந்துச்சே. கை முட்டியெல்லாம் வீங்கி. எப்ப வந்துச்சு?"

நான் கம்ப்யூட்டரில் தேடினேன். பசந்தி நாயக், வயது முப்பத்தொன்று. பதினொன்று நாற்பது. மஞ்சள் மாத்திரை, வாரம் ஒன்று. ஓர் அட்டை, பத்து மாத்திரை. அட்டையை வெட்டினால் பின்னாலிருக்கும் காலாவதித் தேதி போய்விடும் என்று முழு அட்டையாகத்தான் அசோக் கொடுப்பான்.

"வேற பேனாவால அடிச்சிருப்பீங்க, அக்கா" என்றேன்.

"அடிச்சிருக்கலாம்." இரண்டு கையையும் மேசைமேல் ஊன்றிக்கொண்டார். "ஞாபகம் வரல. முத்திரைய குத்தினது ஞாபகம் இருக்கு. அந்தக் கை வீங்கியிருந்தது ஞாபகம் இருக்கு. கோடு போட்டது வரமாட்டேங்குது."

டாக்டர் எழுந்து வந்தார். விரல்விட்டு எண்ணினார். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். "அஞ்சு உள்ள போயிருந்தா ரொம்ப ஆபத்து. வெள்ளணு இறங்க ஆரம்பிச்சிருக்கும். அப்புறம் சாதாரண சளி காய்ச்சலே ஆளைத் தூக்கிடும். இன்னிக்கு ஆறாவது மாத்திரை போகக் கூடாது. போங்க, தேடிப் பிடிங்க. வாய்ல புண்ணு இருந்தா இங்க கூட்டிட்டு வராதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரி."

பதிவில் இருந்த போன் நம்பர் பசந்தியுடையது அல்ல. ஆள் எடுக்கும் கான்ட்ராக்டர் கோகுல்நாத்துடையது. அந்த ஒரு நம்பரைத்தான் அவருடைய நாற்பது ஆட்களும் எங்கே போனாலும் கொடுப்பார்கள்.

"எந்த பசந்தி? எங்கிட்ட மூணு பசந்தி கீது" என்றார் அவர். "ஒண்ணு கோவில்பதாகை லைன் ஊட்ல கீது. ஒண்ணு ஊருக்குப் போச்சு. ஒண்ணு எங்க கீதுன்னு எனக்கே தெரியாது." வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை.

வாசலில் பாபுவின் ஆட்டோ நின்றிருந்தது. அக்கா ஏறினார். 'வாரம் ஒன்று எழுதியது, ஐந்து போயிருக்கலாம்' என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, டாக்டர் என்னையும் போகச் சொன்னார்.

"இன்னாக்கா, பேயறஞ்சா மாரி கீற?" பாபு கண்ணாடியில் பார்த்தான்.

"கோவில்பதாகை. சீக்கிரம் போ பாபு."

"தோ பார், ஆவடி செக்போஸ்ட்டுல பள்ளம் தோண்டிகீறானுங்கோ. சீக்கிரம்லாம் மேல கீறவன் கைல கீது."

மழை தூறிக்கொண்டிருந்தது. சி.டி.எச். ரோட்டில் லாரிக்குப் பின்னால் லாரி. அக்கா வெளியே பார்க்கவே இல்லை. மடியில் கைப்பையை வைத்து அதன்மேல் வலது கையால் முத்திரை குத்துவதுபோல ஒருமுறை குத்தினார். பிறகு பேனா பிடிப்பதுபோல விரலைக் குவித்தார். கை அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி குத்தினார். கைக்காவது ஞாபகம் இருக்காதா என்று பார்க்கிறார்.

கோவில்பதாகையில் அந்த லைன் வீடுகள் ஒரு முட்டுச் சந்தில் இருந்தன. பத்து அறை, எதிரில் ஒரே குழாய். குழாயடியில் விசாரித்துப் போன ஆறாவது கதவில் பூட்டு. பக்கத்து அறை வாசலில் ஒரு பெண் அரிசி களைந்துகொண்டிருந்தாள். வடசென்னைப் பேச்சு.

"அந்த ஒரிசா பொண்ணா? அதுக்கு ஒடம்பு சரியில்லம்மா. முந்தாநேத்துலேர்ந்து வாயெல்லாம் புண்ணு. சோறே துன்ல. கஞ்சி குடுத்தேன், அதயும் துப்பிட்ச்சு."

அதுவரை நாங்கள் இருவரும் சொல்லிக்கொள்ளாமல் பிடித்துவைத்திருந்த நம்பிக்கை ஒன்று இருந்தது. வேறு பேனாவால் அடித்திருப்பார் என்பது. அது அந்த வாசலில் முடிந்தது.

"இப்ப எங்க போச்சு?"

"வேலைக்குத்தான். லீவு போட்டா மேஸ்திரி கத்துவானாம். பாடில புதுசா ஒரு கம்பெனிக்கு மாத்திக்கீறாங்கோ. பாலத்தாண்ட, நீலக் கேட்டு."

வந்த வழியே திரும்பினோம். திருமுல்லைவாயிலையும் அம்பத்தூரையும் தாண்டி, பாடி மேம்பாலத்தின் நிழலில் அந்த நீலக் கேட்டைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. உள்ளே இரும்பு உருளுகிற சத்தம். செக்யூரிட்டி எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"சங்கு ஊதுனாதான் ஆளை வெளிய உடுவோம். ஒரு மணிக்கு. அதுக்கு முன்னாடி முதலாளியே வந்தாலும் கெடையாது."

"முதலாளியே வந்தா உள்ளதான போவாரு, வெளிய எதுக்கு வரப்போறாரு?" என்றான் பாபு. செக்யூரிட்டிக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் கேட்டைத் திறக்கவில்லை. மணி பன்னிரண்டு இருபது.

நாற்பது நிமிடம் அந்தத் தூறலில் நின்றோம். நடுவில் அசோக் போன் செய்தான். நான்தான் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, நான் சொல்றத கேளு. கவர மொதல்ல வாங்கிடு. வாங்கி கிழிச்சு கால்வாய்ல போட்டுடு. அது தப்பா துன்னுட்ச்சுன்னு சொல்லிக்கலாம். யாரும் கேக்க மாட்டாங்கோ. பாஷ தெரியாத பொண்ணுதான. உனக்கு ஒண்ணுன்னா டாக்டரம்மாவுக்கும் சேத்துதான். யோசி கா."

அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. போனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் சொல்வது நடக்கக்கூடியதுதான் என்று எனக்கும் தோன்றியது. அதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

சங்கு ஊதியது. பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். பசந்தியைத் தேட வேண்டியிருக்கவில்லை. துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் வந்தவள் அவள்தான். அக்காவைப் பார்த்ததும் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. மருந்து கொடுத்தவர் தன்னைத் தேடி வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பாள். துப்பட்டாவை விலக்கி வாயைத் திறந்து காட்டினாள். உதட்டின் உள்பக்கம் முழுக்க வெள்ளையும் சிவப்புமாக உரிந்திருந்தது.

அக்கா ஒடியாவில் கேட்டார். அவள் இடுப்பில் செருகியிருந்த சின்னப் பையிலிருந்து கவரை எடுத்துக் கொடுத்தாள். அட்டையில் ஐந்து குழி காலி, ஐந்து மஞ்சள் மாத்திரை பாக்கி. கவரின் மேல் முத்திரை அழகாக, முழுசாக, ஓர் எழுத்துகூட மங்காமல் இருந்தது. அதன் மேல் கோடு இல்லை.

அக்கா கவரைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

ஆட்டோவில் பசந்தி நடுவில் உட்கார்ந்தாள். பசந்தியிடம் என்ன சொன்னார் என்று அக்காவைக் கேட்டேன். ரத்தப் பரிசோதனை என்று மட்டும் சொன்னேன் என்றார். அண்ணா நகர் தாண்டும்போது பசந்தி அவர் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உடம்பு சுட ஆரம்பித்திருந்தது.

அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர் இருந்தார். டாக்டர் மங்களத்தின் கடிதத்தைப் படித்தார். பசந்தியின் வாயைப் பார்த்தார். பிறகு எதிரில் உட்கார்ந்து ஒரு படிவத்தை எடுத்தார். அவருக்கு ஒடியா தெரியாது. அந்த அறையில் ஒடியா தெரிந்தது பசந்திக்கும் ரோஷன் அக்காவுக்கும் மட்டும்தான்.

"வாரத்துக்கு ஒண்ணுன்னு எழுதியிருக்கு. அஞ்சு நாள்ல அஞ்சு சாப்பிட்டிருக்கா. கேளுங்க, ஏன்னு. வீட்ல பிரச்சினையா? வேணும்னே சாப்பிட்டாளா? அப்படின்னா போலீஸுக்கு எழுதணும்."

அக்கா கேட்டார். பசந்தி டாக்டரைப் பார்த்தபடி பதில் சொன்னாள். புண்ணோடு பேசுவதால் சொற்கள் குழறின, ஆனால் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. ஒரு விரலை உயர்த்தி ஏதோ அழுத்திச் சொன்னாள். முடித்துவிட்டு, இதைச் சொல்லுங்கள் என்பதுபோல அக்காவைப் பார்த்தாள்.

டாக்டர் பேனாவைப் படிவத்தின் மேல் வைத்துக் காத்திருந்தார். அக்கா என்ன சொன்னாலும் அதுதான் பசந்தி சொன்னது. என்னால் மறுக்க முடியாது, பசந்தியால் முடியாது. 'தெரியாம தின்னுட்டா'. இரண்டு வார்த்தை போதும்.

கைப்பையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது.

"'நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ. கவர்ல எழுதியிருந்தத படிச்சேன். அப்படியே சாப்ட்டேன், ஒரு நாள் கூட விடல'ன்னு சொல்றா, சார்." அக்கா கவரை மேசையில் வைத்தார். நகத்தால் முதல் நான்கு எழுத்தைத் தொட்டார். "இது 'தினமும்'. இத நான் அடிக்கணும். அடிக்கல. வாயாலயும் சொல்லல, கூட்டம். முத்திரை என்னுது, சார். இவ மேல எதையும் எழுதாதீங்க."

டாக்டர் கவரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இதை அவகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லிடுங்க" என்று எழுந்து ஊசி மருந்துக்குச் சொல்லப் போய்விட்டார்.

அக்கா பசந்தியின் பக்கம் திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மொழியில் எனக்கு 'காயிபே' தவிர எதுவும் தெரியாது. அந்தச் சொல் இரண்டு முறை வந்தது. பசந்தி முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு அக்காவின் விரலுக்குள் இருந்த தன் கையை மெதுவாக உருவி மடியில் வைத்துக்கொண்டாள். வீங்கிய முட்டிகளை மறு கையால் மூடிக்கொண்டாள். சத்தம் போடவில்லை. திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அக்கா ஒரே சொல்லில் பதில் சொன்னார்.

"'நான் செத்துடுவேனா'ங்கறா" என்று என்னிடம் சொன்னார். "தெரியாதுன்னு சொல்லிட்டேன். வேற இன்னா சொல்றது."

அதற்கடுத்த ஒன்பது நாளை நான் சுருக்கமாகச் சொல்கிறேன், அக்கா அதைப் பற்றிப் பேசுவதில்லை. வெள்ளணு ஐந்தாயிரத்தில் தொடங்க வேண்டிய இடத்தில் இரண்டாயிரத்து நூறு. மறுநாள் ஆயிரத்து நானூறு. திங்கட்கிழமை அறுநூறு. பசந்தியைத் தனியாகத் திரைக்குப் பின்னால் போட்டார்கள். தலைமுடி தலையணையில் கொத்தாக வந்தது. காய்ச்சல் ஏறி இறங்கி ஏறியது. வார்டில் ஒடியா பேசுகிறவர் வேறு யாருமில்லாததால் அக்காதான் தினமும் போக வேண்டியிருந்தது. முகக்கவசத்தோடு திரைக்கு வெளியே நின்று, நர்ஸ் சொல்வதை உள்ளே சொல்வார். டேக் டீப் பிரெத். மூச்சை நல்லா இழு. டேக் திஸ். இதை முழுங்கு. ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு நர்ஸிடம் திரும்பி, "ஒருவாட்டி நீங்க கைய காட்டிடுங்க சிஸ்டர், நான் சரியா சொன்னனான்னு" என்பார்.

டாக்டர் மங்களம் அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிய விளக்கக் கடிதத்தில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டார். கூட்டத்தைக் கட்டுப்படுத்தாமல் முகாம் நடத்தியது தன் தவறு என்று எழுதினார். மூன்றாம் நாள் அசோக் பாபுவின் ஆட்டோவில் இளநீர்க் குலை ஒன்றை ஏற்றி வார்டுக்கு அனுப்பினான். நர்ஸ் உள்ளே விடவில்லை.

செவ்வாய்க்கிழமை எண்ணிக்கை அறுநூற்று ஐம்பது. அந்த ஐம்பதை அக்கா எனக்குப் போனில் இரண்டு முறை சொன்னார். பிறகு ஆயிரம். பிறகு ஆயிரத்து எழுநூறு. சனிக்கிழமை மூவாயிரத்தைத் தாண்டியது.

பசந்தியை அனுப்பும் நாளில் நானும் போயிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலையில் முடி திட்டுத் திட்டாக இருந்தது, உதடு ஆறியிருந்தது. அண்ணன் ஊரிலிருந்து ரயிலேறி வந்து பையை மடித்துக்கொண்டிருந்தான். நர்ஸ் ஒரு சத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "இப்பவே ஒண்ணு போட்டுக்கச் சொல்லுங்க, மீதிய வீட்ல" என்றார்.

அக்கா சொன்னார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினார்.

பசந்தி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். முழுங்கவில்லை. டம்ளரையும் வாங்கவில்லை. அக்காவைத் தாண்டி நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் ஒரு விரலைக் காட்டித் தலையாட்டினார். அதுவும் போதவில்லை. அட்டையை அண்ணனிடம் கொடுத்தாள். அவன் போனில் அதைப் படம் பிடித்து எங்கேயோ அனுப்பிவிட்டுக் காத்திருந்தான். ஐந்து நிமிடம் இருக்கும். டம்ளர் அக்காவின் கையிலேயே நீட்டியபடி இருந்தது. வாங்கி வைக்கலாமா என்று நான் நகர்ந்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

பதில் வந்தது. அண்ணன் படித்துக் காட்டினான். பசந்தி தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டு மாத்திரையை முழுங்கினாள்.

"கரெக்டுதான்" என்று என்னிடம் மெல்லச் சொன்னார் ரோஷன் அக்கா. "இனிமே யாரு குடுத்தாலும் இப்படித்தான் செய்யணும். நான் குடுத்தா கண்டிப்பா."